வரலாற்று டாக்டரும் தேங்காயெண்ணெயும்

என் மருமகன் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். போலீஸில் பிடிபட்டவன் நிற்பானே, அந்த மாதிரி. மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கண் இரண்டும் சிவந்திருந்தன. துடைத்துக்கொள்ளக் கை வேண்டும். கைதான் அந்தரத்தில் நிற்கிறதே.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் இரண்டு பேனா. காலர் ஓரத்தில் ஒரு மிளகாய் வத்தல் விதை ஒட்டியிருந்தது.

நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. திரும்பிப் பிரிட்ஜைப் பார்த்து, "அவுகளுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டேன்.

பிரிட்ஜிடம் ஏன் கேட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் மாமியாரைப் பற்றி எழுதியதிலிருந்து நாத்தனார் நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. இந்த வாரம் மருமகன் முறை. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபம் எந்த நூற்றாண்டில் ஆரம்பித்தது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த இதழ் கடைக்கு வந்துவிடும்.

டாக்டர், ஆனால் ஊசி போடாதவர்

மருமகன் பெயர் முருகேசன். பல்கலைக்கழகத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவர். பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு. அந்த எழுத்தை நம்பி எங்கள் தெருக்காரி ஒருத்தி தன் மூட்டு வலியைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் அவளை உட்காரவைத்துப் போர்த்துகீசியரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எழுந்து போகும்போது அவளுக்கு வலி மறந்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியும் கொஞ்சம் மறந்திருந்தது.

பி.ஏ. படித்தார், எம்.ஏ. படித்தார். அதோடு விட்டாரா? டாக்டர் பட்டத்துக்கென்று ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் இறங்கி ஏறுவதற்குள் என் மூத்த மகள் இரண்டு பெற்று, இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். அத்தனை வருஷம் எதை ஆராய்ந்தார் என்கிறீர்கள்? பழைய காலத்தில் நம் கரைக்கு மிளகும் வத்தலும் எந்தக் கப்பலில் வந்தது, எந்தக் கப்பலில் போனது. இதுதான். பாடம் நடத்துவதிலும் இதில்தான் அவருக்கு ஆசை. கடல், கப்பல், காற்று, துறைமுகம்.

இத்தனைக்கும் ஆளுக்குத் தண்ணீர் என்றால் பயம். சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் அலைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, கடலைப் பற்றிப் பேசுவார்.

நாங்கள் இந்த மலையாள ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்கள். முன்னால் கடை, அதற்குப் பின்னால் சரக்கு வைக்கிற கிட்டங்கி, அதற்கும் பின்னால் வீடு. இந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு இவர் என் வீட்டுக்காரரிடம் என்ன சொன்னார் தெரியுமா? வத்தல் நம் ஊர்ச் சரக்கே கிடையாது, எங்கோ உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து கப்பலில் வந்தது என்றார்.

என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. "நம்ம சரக்குக்கே பிறப்பு சரியில்லங்கான். இவனுக்கா பொண்ணக் குடுக்க?" என்று மட்டும் கேட்டார். ஆனால் என் இளைய மகள் வள்ளி அவரோடு ஒரே கல்லூரியில் படித்தவள். எல்லாம் முன்னாலேயே பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்க வந்ததே எங்களுக்காக ஒரு மரியாதைக்குத்தான். அப்பா இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்து, இவர் இல்லையென்றால் யாரும் இல்லை என்றாள். கொடுத்துவிட்டோம்.

மாப்பிள்ளையின் அப்பா லாரி ஆபீஸில் கணக்கர். அம்மா வீட்டோடு இருந்தவள், இவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள் என்று சொன்னார்கள். இல்லாத சம்பந்தியால் தொந்தரவு இல்லை என்று நான் அப்போது சந்தோஷப்பட்டேன். எழுதுகிறேன் என்றால் முழுதாகத்தானே எழுத வேண்டும்?

வருஷா வருஷம் விருந்தாளி

படித்தவர் படிப்புக்கேற்ற வேலையில் உட்கார்ந்தாரா என்றால், அதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பெயர் கெஸ்ட் லெக்சரர். மழை தொடங்கும்போது கூப்பிடுவார்கள், வெயில் தொடங்கும்போது போய்வா என்பார்கள். மறுபடி மழை, மறுபடி இன்டர்வியூ, மறுபடி கெஸ்ட். தலையில் பாதி முடி போய்விட்டது, இன்னும் கெஸ்ட். இங்கே வீட்டோடு மாப்பிள்ளை, அங்கே விருந்தாளி வாத்தியார். எங்கே போனாலும் மனிதருக்கு இலை போட்டுத்தான் உட்காரவைக்கிறார்கள்.

இந்த வருஷம் நிரந்தர வேலைக்கு ஒரே ஒரு இடம் வந்தது. வயது வரம்பில் அவர் விளிம்பில் நின்றார். இதை விட்டால் இனி விண்ணப்பமே போட முடியாது. கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று வள்ளியும் அவரும் பேசி வைத்திருந்தார்கள். அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கிற சென்டர் ஒன்று அவரைக் கூப்பிட்டிருந்தது. அங்கே பாடம் கிடையாது. ஒரு கேள்வி, நாலு பதில், சரியானதைத் தட்ட வேண்டும். மிளகு எந்த வழியாகப் போனது, அ, ஆ, இ, ஈ. அதோடு கப்பலைக் கரையில் கட்டிவிடலாம்.

வள்ளி பாங்கில் வேலை பார்க்கிறவள். வீடு அவள் சம்பளத்தில் ஓடும். சோற்றுக்குப் பயமில்லை. ஆனால் அந்த சென்டர் பேச்சை எடுத்தாலே அவர் தட்டில் விரலால் கோடு போட ஆரம்பித்துவிடுவார். சாதம் ஆறிப்போகும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. வடித்த சோறு வீணாகிறதே என்றுதான்.

பிரிட்ஜ் இருப்பது எதற்கு

இப்போது பிரிட்ஜ் கதை. எங்கள் ஆட்களில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசக்கூடாது. அவர் முன்னால் உட்காரவும் கூடாது. என் அம்மா என் வீட்டுக்காரரிடம் சாகும்வரை ஒரு சொல் நேராகச் சொன்னதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கதவிடம் சொல்வாள். அவர் வாசல்படியிடம் பதில் சொல்வார். இந்தக் காலத்தில் இதெல்லாம் உண்டா என்று கேட்காதீர்கள். இதைவிட வசதியான ஏற்பாடு வேறு கிடையாது. ஒரு மனிதரை அவர் காதுபடவே என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவரிடம் சொன்னதாகவும் ஆகாது.

வள்ளி வீட்டில் இருந்தால் வள்ளியிடம் சொல்வேன். அவள் பாங்குக்குப் போய்விட்டால் பிரிட்ஜிடம். "ஏ பிரிட்ஜே, சாம்பாரா ரசமான்னு கேளு" என்பேன். அந்தப் பக்கமிருந்து, "அத்தை, சாம்பார்னு ஒண்ணு எப்ப வந்துதுன்னா..." என்று ஆரம்பிக்கும். நான் ரசத்தை ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். வருஷக்கணக்காக இப்படித்தான் நடக்கிறது. பிரிட்ஜுக்கு இந்நேரம் எம்.ஏ. கொடுத்திருக்கலாம்.

கப்பல் கிளம்பவில்லை

இன்டர்வியூவில் பெரிய ஆட்கள் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். பத்து நிமிஷம். அதற்கு மேல் போனால் மணி அடித்து உட்காரவைத்துவிடுவார்கள்.

பத்து நிமிஷத்தில் இவர் தொண்டையைக்கூடக் கனைத்து முடிக்க மாட்டார். அதனால் வள்ளி வீட்டிலேயே ஒத்திகை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாடு முடிந்த நேரம். அவள் சோபாவில் போனைப் பிடித்து நேரம் பார்த்தாள். நான் அடுக்களை நிலைப்படியில் நின்றேன். மருமகன் டி.வி.க்கு முன்னால் நின்று ஆரம்பித்தார்.

முதலில் காற்றைப் பற்றிச் சொன்னார். காற்று எந்த மாதம் எந்தத் திக்கிலிருந்து வீசும் என்று. பத்து நிமிஷம் முடிந்தது, கப்பல் இன்னும் கிளம்பவில்லை. மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை கப்பல் கிளம்பியது, ஆனால் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை ஆப்பிரிக்காவின் முனையைப் பிடித்தார்.

"ஏட்டி வள்ளி, கப்பல் ஆரியசாலைக்கு எப்ப வந்து சேரும்னு கேளு" என்றேன். "ராத்திரிக்கு மாவாட்டணும்."

"எம்மா, சும்மா இரியேன்."

சும்மா இருக்கிற சுபாவம் எனக்கு இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எதற்கு எழுதுகிறேன்? அவரைப் பார்க்க எரிச்சல் எரிச்சலாக வந்தது. வேர்த்துக் கொட்டுகிறது, கையில் காகிதம் நனைகிறது. கிடைக்கப் போகிற ஒரே இடத்தையும் இந்த மனிதர் காற்றில் விட்டுவிடுவார் போலிருந்தது.

"ஏட்டி, அவுககிட்டக் கேளு. கடல்ல கால் நனைச்சது கிடையாது. கப்பல்ல ஏறினது கிடையாது. இந்தப் படிப்ப எதுக்குத்தான் படிச்சாவளாம்? காலேஜ்ல வேற ஒண்ணும் மிச்சமில்லியா?"

வள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்து டி.வி. மேல் வைத்தார்.

"எங்கம்மாவுக்காக, அத்தை" என்றார்.

காம்பு கிள்ளுகிறவர்கள்

வத்தல் வியாபாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சரக்கு மூட்டையாக வரும்போது காம்போடு வரும். சில கடைக்காரர்கள் காம்பு நீக்கித்தான் கேட்பார்கள். அதற்குக் கிட்டங்கியில் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போடுவார்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு பின் சந்து வழியாக வருவார்கள், அதே வழியில் போவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை இருமலும் தும்மலுமாகக் கேட்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் வேலை முடிந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

மருமகன் சொன்னார். எந்த நூற்றாண்டையும் இழுக்காமல் சொன்னார்.

"எங்கம்மா காம்பு கிள்ளினவ. இந்தக் கிட்டங்கிலதான். சாயங்காலம் வந்தா என்னைத் தொட மாட்டா. கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் கொஞ்சுவா. வத்தலைப் பத்தி எழுதியிருக்கிற எல்லாத்தையும் நான் படிச்சாச்சு அத்தை. கப்பல் பேர் இருக்கு, ராஜா பேர் இருக்கு, வரி போட்டவன் பேர் இருக்கு. அந்தக் கை மட்டும் எங்கயும் இல்ல."

நான் சுவரில் என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தேன். இது தெரிந்திருந்தால் அவர் பெண் கொடுத்திருக்க மாட்டார். அதற்காகத்தான் வள்ளியும் அவருமாகச் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். படம் மாலைக்குள் முறைத்துக்கொண்டிருந்தது. முறைக்கட்டும், இனி என்ன செய்ய முடியும்?

வள்ளி எழுந்துவிட்டாள். "இதுதான் கிளாஸ். காத்தும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். இதச் சொல்லுங்க, மதி" என்றாள். மதி என்றால் இந்த ஊர் மலையாளத்தில் போதும்.

அவர் தலையை ஆட்டினார். அது நம் வீட்டுக் கதை, இன்டர்வியூவில் வீட்டுக் கதை எடுபடாது என்றார். ஆதாரம் கேட்பார்கள். எழுதிவைத்தது எதுவும் இல்லை, பார்த்தவர்கள் யாரும் இல்லை. அம்மாவே போயாயிற்று.

கொழுப்பைப் பாருங்கள். பார்த்தவள் ஒருத்தி நிலைப்படியில் நின்றுகொண்டிருக்கிறேன், யாரும் இல்லையாம். இவ்வளவு படித்தவருக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு அடுக்களை இருந்தது என்று தோன்றவில்லை.

ஜன்னலில் கைகள்

கிட்டங்கிக்கும் எங்கள் அடுக்களைக்கும் நடுவில் கம்பி போட்ட ஒரு ஜன்னல் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தப் பெண்கள் அங்கே வந்து கையை நீட்டுவார்கள். எரிச்சலுக்குத் தேங்காயெண்ணெய் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். ஊற்றுகிற வேலை என்னுடையது. அளவு என் மாமியாருடையது. பின்னால் நின்று பார்ப்பாள். உள்ளங்கை நனைய வேண்டும், வழியக் கூடாது.

கிட்டங்கிப் பக்கம் பள்ளம் என்பதால் ஜன்னல் அவர்களுக்கு உயரத்தில் இருந்தது. எனக்கு முகம் தெரியாது, கைகள்தான் தெரியும். சிவந்து, வீங்கி, நகக்கண்ணில் மஞ்சளாக விதை ஒட்டிய கைகள். கம்பிக்குள் வரும், எண்ணெய் வாங்கிக்கொண்டு போகும்.

அதில் ஒரு கை எனக்கு நன்றாக நினைவிருந்தது. வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதனால் நான் பிரிட்ஜ் பக்கம் திரும்பினேன்.

"ஏ பிரிட்ஜே. அவுகம்மா மணிக்கட்டுல தேள் படம் பச்சை குத்தியிருக்குமான்னு கேளு."

அவர் தன் வலது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "வலது கை."

"எண்ணெய் ஊத்தினது நான்தான்னு சொல்லு. இன்டர்வியூல கேட்டா சொல்லச் சொல்லு."

அந்தக் கை ஏன் நினைவிருந்தது என்றால், எல்லாக் கையும் எண்ணெய் வாங்கியதும் போய்விடும், அது மட்டும் போகாது. கீழேயிருந்து குரல் வரும். இன்னும் ஒரு சொட்டு தாங்கம்மா, வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறது என்று கேட்கும். மாமியார் எனக்குப் பின்னால் நிற்பாள். நான் கொடுத்தேனா இல்லையா என்று இப்போது நினைவில்லை. கொடுத்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதனால் எழுதவில்லை.

அந்தக் கைப்பிள்ளைதான் டி.வி.க்கு முன்னால் நிற்கிறார். பேனா இரண்டு, வழுக்கை ஒன்று. அவர் அம்மா பெயர் பாக்கியம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பெரிய ஆட்களின் தும்மல்

இன்டர்வியூ அன்று வள்ளி லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். வராந்தாவில் காத்திருந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே நாலு பேர். நாலு பேர் முன்னாலும் தண்ணீர் பாட்டில், பிஸ்கட். மருமகன் போனதும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்தார். எங்கள் கடைச் சரக்கு. பாடம் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் காம்பு கிள்ளிப் போட்டார். நல்ல காரமான வத்தல், நன்றாகக் காய்ந்தது. பத்து வத்தல் ஆவதற்குள் ஒருவருக்குத் தொண்டை கமறியிருக்கிறது. அடுத்தவர் தும்மினார். பியூன் ஓடிவந்து ஃபேனை முழு வேகத்தில் வைத்தான். வத்தல் நெடி உள்ள அறையில் ஃபேனைப் போட்டால் என்ன ஆகும்? மிச்சம் இருந்தவர்களும் தும்மினார்கள். மணி அடிக்க வேண்டியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு பெரியவர் மட்டும், கைக்குட்டைக்குள்ளிருந்து, "இதினொக்கெ தெளிவு எவிடே?" என்று மலையாளத்தில் கேட்டாராம். இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே என்று.

இவர் சொன்ன பதில் மூடின கதவைத் தாண்டி வராந்தா வரைக்கும் கேட்டதாம்.

"தெளிவு வீட்டிலுண்டு சாரே. இப்போ ரசம் வைக்கயாயிரிக்கும்."

ஆதாரம் வீட்டில் இருக்கிறது, இந்நேரம் ரசம் வைத்துக்கொண்டிருக்கும். பாருங்கள், இத்தனை வருஷம் சோறு போட்டதற்கு என்னை என்ன ஆக்கிவிட்டார் என்று.

மறுபடி அடுக்களை வாசல்

வேலை கிடைத்துவிட்டது. ஆர்டர் வந்தது கொஞ்ச நாள் கழித்துத்தான், ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரியில் வைத்து உங்களை இழுத்தடிக்க நான் சரித்திர வாத்தியார் இல்லை. பாடம் நன்றாயிருந்ததால் கொடுத்தார்களா, அந்த அறையை விட்டுத் தப்பித்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டார்களா, தெரியாது. இப்போது கம்ப்யூட்டரில் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் அவர் படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே என்ன படித்தார், எதைக் கற்பிக்க விருப்பம் என்று கல்யாணச் சீர் வரிசை மாதிரி நீளமாகப் போட்டிருக்கிறது. வள்ளி வாசித்துக் காட்டினாள். கடல், கப்பல், காற்று எல்லாம் அப்படியே இருக்கிறது. கடைசியில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. கிட்டங்கிகளில் பெண்கள் செய்த வேலை. ஒரு தடவை வாசித்தது சரியாகக் காதில் விழவில்லை என்று மறுபடி வாசிக்கச் சொன்னேன். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.

ஆனால் இன்டர்வியூ முடிந்து வந்த அன்றைக்கு, கையைத் தூக்கிக்கொண்டு அவர் அடுக்களை வாசலில் நின்றபோது, இதெல்லாம் யாருக்கும் தெரியாது. வேலை வரும் என்றும் தெரியாது, சென்டருக்குப் போக வேண்டுமா என்றும் தெரியாது. வள்ளி வெளியே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள். நான் பிரிட்ஜிடம் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்.

"எரியுது அத்தை."

கிண்டல் செய்யத்தான் வாயைத் திறந்தேன். வத்தல் கடை வீட்டில் பெண் கட்டியவருக்குக் காம்பு கிள்ளத் தெரியவில்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன். அதற்குள் அவர் ஒரு கையைக் கீழே இறக்கி முன்னால் நீட்டிவிட்டார். சிவந்து, வீங்கி, நகக்கண்ணில் விதை ஒட்டிய கை.

அடுப்பை அணைத்தேன். தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மருமகனுக்கு இவ்வளவு பக்கத்தில் நான் நின்றதே கிடையாது. ஊற்றினேன். உள்ளங்கை நனைந்தது. பின்னால் யாரும் நிற்கவில்லை. இன்னும் ஊற்றினேன். விரல் இடுக்கில் வழிந்து, மணிக்கட்டுக்கு இறங்கி, இஸ்திரி போட்ட சட்டையின் கையை நனைத்து, தரையில் சொட்டியது.

"மதி அத்தை, மதி" என்றார். பிறகு, கேளுங்கள், அந்த நிலைமையிலும், "இந்தத் தேங்காயெண்ணெய் இருக்கே அத்தை, இத மொதல்ல..." என்று ஆரம்பித்தார்.

"வாய மூடிட்டு அந்தக் கையையும் நீட்டுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவரிடம்தான் சொன்னேன். பிரிட்ஜ் அதுபாட்டுக்கு நின்றது.